ஏரிக்கரை வீட்டை நான் கெடுத்த விதம்

என் பிள்ளைக்கு,

நீ தமிழை மெதுவாகத்தான் வாசிப்பாய். எழுத்துக் கூட்டி, இடையில் ஒரு சொல்லுக்கு மருமகள் தாரணியைக் கூப்பிட்டுக் கேட்டு, ஒரு பக்கத்துக்குக் கால் மணித்தியாலம் எடுப்பாய். அது நல்லது. வேகமாக வாசிக்கிறவனுக்குக் கோபமும் வேகமாக வரும். இதையே ஜெர்மனில் எழுதியிருந்தால் ஒரு நிமிடத்தில் வாசித்து, என் பிழைகளைத் திருத்திவிட்டு, அடுத்த நிமிடம் போனில் என்னைக் கிழித்திருப்பாய். தமிழில் என்றால் கடைசிப் பக்கத்துக்கு வரும்போது களைத்துப்போயிருப்பாய். களைத்த மனிதன் பலமாக அடிக்கமாட்டான். பத்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியாரிடம் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். அதனால்தான் அவர் வகுப்பில் எப்போதும் கடைசி ஆளாகக் கையை நீட்டுவேன்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எவ்வளவும் வளைக்கிறேன். ப்ளோனில் நீ வாங்க இருந்த ஏரிக்கரை வீட்டை வீட்டுக்காரி ஃப்ராவ் லோரன்சன் உனக்குத் தரமாட்டேன் என்றாரே, அதற்குக் காரணம் உன் நிறமில்லை. உன் பெயருமில்லை. காரணம் நான். அந்த வீடு இன்னும் முற்றாகக் கைவிட்டுப் போகவில்லை. வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. ஆனால் அதற்கு நீ என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்லுமுன், நான் என்ன செய்தேன் என்பதை நீ தெரிந்துகொள்ளவேண்டும்.

இதைப் போனில் சொல்லத்தான் பார்த்தேன். மூன்று தரம் எடுத்தேன். முதல் தரம் ஹம்பேர்க்கில் மழையா என்று கேட்டுவிட்டு வைத்தேன். இரண்டாம் தரம் உன் காரின் பிரேக்கைப் பற்றிக் கதைத்தேன். மூன்றாம் தரம் எடுத்தபோது பின்னால் உன் மாமா சிரிக்கிற சத்தம் கேட்டது. உடனே வைத்துவிட்டேன். அம்மாதான் சொன்னா: "எழுதுங்கோப்பா. வாயைத் திறந்தா நீங்கள் பகிடி விட்டுப் போட்டுத் தப்பியோடுவியள்." முப்பத்தாறு வருடம் என்னோடு குடும்பம் நடத்தினவவின் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

இது ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேரன்று தொடங்கியது. நீயும் தாரணியும் வேலை என்று வரவில்லை. தேர் சுற்றி வந்து நின்றபிறகு, கால்வாய்ப் பக்கம் கடைகளுக்கு நடுவில் நான் ஒரு கையில் வடையும் மறு கையில் தேத்தண்ணியுமாக நின்றேன். உன் மாமா, அதாவது என் மதிப்புக்குரிய சம்பந்தி, கூட்டத்துக்கு மேலால் கையை ஆட்டினார். அவர் என்னை விட நாலு மாதம் மூத்தவர். ஆனாலும் என்னை "அண்ணை" என்றுதான் கூப்பிடுவார். மரியாதை என்று சனம் நினைக்கும். எனக்கு வயதைக் கூட்டிக் காட்டுகிறார் என்று நான் நினைப்பேன்.

"அண்ணை, இஞ்சாலை வாங்கோ! என்ன, ஏரி வீடு எப்பிடி? உங்களுக்குப் பிடிச்சிருக்கே?"

எந்த ஏரி, எந்த வீடு, எனக்கு ஒரு இழவும் தெரியாது. "ஓம் ஓம், பிடிக்காமல்?" என்றேன்.

"பின்வாசலால வந்தா நேர தண்ணிக்குள்ள இறங்கலாம். போன ஞாயிறு நானும் தம்பியும் தாரணியும் போய் முழுக்கப் பாத்தனாங்கள். நான் கூரைக்கும் ஏறிப் பாத்தனான், பாருங்கோ."

"ஓம், சொன்னவன்."

"படங்கள் அனுப்பினவனே?"

"அனுப்பாமல்?"

"அப்ப இது வந்திராது, இது தாரணி எடுத்தது," என்று தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒரு பலகைத்துறை ஏரிக்குள் நீண்டு போகிறது. அதன் நுனியில் நீயும் அவரும் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு முதுகு காட்டி இருக்கிறீர்கள். தண்ணீர் வெள்ளித்தட்டுப்போல் கிடக்கிறது. "வடிவான படம்," என்றேன். அம்மா பக்கத்தில் வந்து என் கையைப் பார்த்துவிட்டுக் கேட்டா: "ஏனப்பா வடையைப் பிசைஞ்சு வைச்சிருக்கிறியள்?" அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

எங்கள் சனத்துக்கு ஒரு வியாதி உண்டு, மகன். ஒரு விசயம் நடந்ததா இல்லையா என்பது எங்களுக்குப் பெரிதில்லை. அதை யார் யாருக்கு, எந்த ஒழுங்கில், எப்படிச் சொன்னார்கள் என்பதுதான் பெரிது. கலியாணத்துக்கு வீட்டுக்கு வந்து சொல்லவில்லை, போனில்தான் சொன்னார்கள் என்று வருடக்கணக்காக ஒருவரோடொருவர் கதைக்காத கூடப்பிறந்தவர்கள் டோர்ட்முண்டில் அடுத்தடுத்த தெருவில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து நானே எத்தனை தரம் சிரித்திருக்கிறேன். அன்று கால்வாய்க் கரையில் எனக்கு அதே வியாதி உச்சந்தலையில் ஏறியது. மகன் வீடு பார்க்கிறான், சம்பந்தி கூரையில் ஏறி நிற்கிறார், தகப்பனுக்கு வடைக் கடையில் செய்தி வருகிறது. அதுவும் எப்படிப்பட்ட தகப்பன்? இருபத்தாறு வருடம் யன்னல் செய்கிற தொழிற்சாலையில் நின்றவன். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மற்றவர்கள் சாமிப் படத்தைத் தேடுவார்கள், நான் யன்னல் ரப்பரைத் தடவிப் பார்ப்பேன். உன் மாமாவோ கீல் நகரத்தில் ஒரு ஆசுபத்திரிக் குசினியில் சமைத்தவர். அவருக்குக் கூரையைப் பற்றி என்ன தெரியும்? மீனைப் பற்றித் தெரியும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஜெர்மனில் மீன்களின் பெயரெல்லாம் பாடமாக்கி, சோதனை எழுதி, தூண்டில் போடுகிற அனுமதி அட்டை எடுத்த மனிதன். அந்த அட்டையை அவர் காட்டுகிறபோதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நான் மீன் பிடிக்க ஆசைப்பட்டவனில்லை. ஆனாலும் எரியும்.

நீ புதன்கிழமைதான் போன் எடுத்தாய். நான் தேரிலிருந்து புதன் வரை எண்ணிக்கொண்டு இருந்தேன் என்று உனக்குத் தெரியாது.

"அப்பா, ஒரு வீடு பாக்கிறம். சனி ஞாயிறு போய் நிக்கிறதுக்கு. மாமா கிட்ட இருக்கிறவர், அரை மணித்தியாலம்தானே, அதால முதல் அவரைக் கூட்டிக்கொண்டு போனன். நீங்கள் நாலு மணித்தியாலம் ஓடி வரவேண்டாமெண்டு நினைச்சன்."

"நல்லது தம்பி. ஏரியில வெள்ளம் வந்தா முதல் மாமாவை மிதக்கவிட்டுப் பார்."

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நீ சொன்ன காரணம் சரியான காரணம். அதில் ஒரு பிழையும் இல்லை. பிழை இல்லாத காரணத்தைப் போலப் பொறாமைக்காரனுக்கு எரிச்சல் தருவது வேறொன்றுமில்லை.

இது எனக்குப் புதிதாக வந்த குணம் என்று நீ நினைக்கக்கூடாது என்பதற்காக இன்னொன்றையும் சொல்கிறேன். உனக்கு ஏழு வயது. எங்கள் ஊர் ஹாமில் இருந்து பஸ் பிடித்து ஒரு குளிக்கிற ஏரிக்குப் போனோம். நான் கடலுக்கு அரை மைல் தூரத்தில் பிறந்தவன், ஆனால் நீந்தத் தெரியாது. கால்சட்டையைச் சுருட்டி, முழங்கால் அளவு தண்ணீரில், இந்த ஏரியை நான்தான் வெட்டினேன் என்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் சிவப்புக் கால்சட்டை போட்ட ஒரு ஜெர்மன்காரன் தன் மகளுக்கு மிதக்கப் பழக்கிக்கொண்டிருந்தான். நீ போய் வரிசையில் நின்றாய். அவன் உன்னையும் முதுகுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துத் தாங்கினான், பிறகு கையை எடுத்தான். நீ மிதந்தாய். "அப்பா, பாருங்கோ! அப்பா!" என்று கத்தினாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகமிருக்காது. "மழை வரப்போகுது, வெளிக்கிடு," என்றேன். வானத்தில் ஒரு துண்டு முகில் இல்லை. நீ என்னை நம்பினாய். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை யன்னலில் முகத்தை வைத்து வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தாய், மழை எங்கே என்று. நான் உனக்குச் சொன்ன பொய்களில் அதுதான் மிகச் சின்னது. அதுதான் அடிக்கடி ஞாபகம் வருவதும்.

இனி, எல்லோருமாகப் போய் வீடு பார்த்த அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நல்ல வீடு மகன். பொய் சொல்லமாட்டேன், இனிமேல். செங்கல் சுவர், பச்சை அடித்த யன்னல் சட்டங்கள், பின்னால் மரத்தாழ்வாரம், அதிலிருந்து இறங்கினால் புல், புல் முடிந்தால் தண்ணீர். ஃப்ராவ் லோரன்சன் எண்பது வயதிலும் கம்பு மாதிரி நிமிர்ந்து நின்று வரவேற்றார். தரகர்கள் அதிகம் கதைப்பார்கள் என்பதால் தானே விற்பதாகவும், தங்கையோடு நகரத்துக்குள் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போவதாகவும் சொன்னார். அம்மா குசினியைப் பார்த்தா. தாரணி மேல் அறைக்கு ஓடினா. நான் வழக்கம்போல யன்னல்களைத் தடவிக்கொண்டு போனேன். ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்காரி மட்டும் கோப்பிப் பாத்திரத்தோடு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"பக்கத்து வீட்டைப் பார்த்தீர்களா? போன வருடம் விற்றார்கள்," என்றார். "இப்போது கதவில் இலக்கம் அமத்தித் திறக்கிற ஒரு சாவிப் பெட்டி தொங்குகிறது. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை புது ஆட்கள், சில்லுப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு. யாருக்கும் யாரையும் தெரியாது. நான் இங்கே நாற்பது வருடம் இருந்தேன். இந்த வீட்டுக்கும் அப்படி நடந்தால் எனக்குத் தாங்காது. உங்கள் பிள்ளைகள் அப்படிச் செய்யமாட்டார்கள், இல்லையா?"

நான் "இல்லை" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். தலையை ஆட்டியிருந்தாலும் போதும். ஆனால் அந்த நேரம் யன்னலுக்கு வெளியே பலகைத்துறையில் நீயும் உன் மாமாவும் நின்றீர்கள். அவர் தண்ணீரைக் காட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார், அநேகமாக ஏதாவது மீனின் பெயராக இருக்கும். நீ கேட்டுக்கொண்டே அவர் தோளில் கையைப் போட்டாய். யோசித்துப் போடவில்லை, அது தானாகப் போய் இருந்தது, சொந்த இடத்தில் இருப்பது போல. என் தோளில் நீ கடைசியாகக் கை போட்டது நான் முதுகுப் பிடிப்பு வந்து படியில் ஏற ஏலாமல் நின்ற அன்றுதான். அது தூக்கிவிடுகிற கை. இது வேறு.

நான் சிரித்துக்கொண்டு சொன்னேன். பெருமைப்படுகிற தகப்பன் சொல்வது போலவே சொன்னேன்: "என் மகன் சரியான கெட்டிக்காரன். முதல் இரண்டு வருடம் விடுமுறைக்கு வருகிற ஆட்களுக்கு வாடகைக்கு விடுவான். பிறகு இதை இடித்துவிட்டு மூன்று மாடியில் கட்டுவான். அவனுடைய மூளை அப்படி." என் ஜெர்மனில் எப்போதும் ஏதாவது ஒன்று முடங்கி நிற்கும், நீயே சின்ன வயதில் என்னைப் போல நடித்துக் காட்டி அம்மாவைச் சிரிக்க வைப்பாய். அன்று மட்டும் ஒரு பிழை இல்லாமல் வந்தது.

அவர் "அப்படியா," என்றார். கோப்பியை எனக்கு ஊற்றாமல் பாத்திரத்தைக் கீழே வைத்தார். திரும்பி வருகிற வழியில் நீ கார் ஓட்டிக்கொண்டு சொன்னாய்: "அப்பா, அவவுக்கு எங்களைப் பிடிச்சிட்டுது." நான் பின் இருக்கையில் நித்திரை மாதிரி நடித்தேன்.

நாலு நாளில் பதில் வந்தது. இரண்டு வரி. நீ எனக்குப் போன் எடுத்தபோது பின்னால் தாரணி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"முதல் நாள் அவ்வளவு நல்லாக் கதைச்ச மனுசி அப்பா. எல்லாரும் குடும்பத்தோட போய் நிண்டோடன மாறிட்டா. வேற என்ன காரணம் இருக்கு? எங்கட முகம்தான்."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு வழி இருந்தது. நான் சொன்னது இது: "அவையள் அப்பிடித்தான் தம்பி."

"நீங்கள் சொன்னது சரி அப்பா. நான்தான் இவ்வளவு நாளும் விசர்க் கதை கதைச்சிருக்கிறன்."

இந்த விசயத்தில் நாம் இருவரும் எத்தனை தரம் சாப்பாட்டு மேசையில் சண்டை பிடித்திருப்போம்? கிழக்கு பெர்லினில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒரு தோள் பையோடு வந்து இறங்கியவன் நான். முதல் வீடு தேடின காலத்தில் போனில் "வீடு இருக்கிறது, வாருங்கள்" என்பார்கள். போய் மணியை அமத்தி முகத்தைக் காட்டினால் "இப்போதுதான் கொடுத்தோம்" என்பார்கள். ஒரே தெருவில் இரண்டு தரம் நடந்தது. அது கற்பனையில்லை. நீ இங்கே பிறந்தவன், ஆஹென் பல்கலைக்கழகத்தில் படித்தவன், உனக்கு எல்லா இனத்திலும் கூட்டாளிகள். "எல்லாரும் அப்பிடியில்லை அப்பா, ஆளை ஆளாய்ப் பாருங்கோ" என்று என்னோடு மல்லுக்கட்டுவாய். எனக்கு வெளியில் கோபம் வரும். உள்ளே, உனக்கு அந்த வாசல்கள் தெரியாமல் போனதே என்று நிம்மதியாக இருக்கும். அப்படிப்பட்ட உன்னை ஒரே போனில் என் பக்கம் இழுத்துவிட்டேன். பிறந்த நாளிலிருந்து நீ ஒரு தரமும் "நீங்கள் சொன்னது சரி அப்பா" என்று சொன்னதில்லை. முதல் தரம் சொன்னாய், அதுவும் ஒரு பொய்யைப் பார்த்து. வெட்கத்தோடு இதையும் எழுதுகிறேன்: ஒரு முழு நாள் எனக்கு அது இனித்தது. மகன் என் பக்கம் வந்துவிட்டான் என்று இரண்டு தேத்தண்ணி கூடக் குடித்தேன்.

அடுத்த நாள் உன் மாமா போன் எடுத்தார். "அண்ணை, மனதைத் தளர விடாதேங்கோ. தம்பிக்கு வேற வீடு பாப்பம். நான் இந்தப் பக்கம் முழுக்கச் சுத்திப் பாக்கிறன்," என்றார். சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டார். என் மகனுக்கு வீடு போனதற்கு என்னை விட அவர் கூடக் கவலைப்படுகிறாரே என்று அதற்கும் எனக்கு எரிந்தது. போனை வைத்துவிட்டுக் குசினிக் கதிரையில் இருந்தேன். அந்த இடத்தில்தான் எனக்கு என்னைப் பார்த்தே பயம் வந்தது. உன் மாமா உனக்கு நல்லது செய்தாலும் எரிகிறது, உனக்காக அழுதாலும் எரிகிறது. அப்படியென்றால் நான் உன்மேல் வைத்திருப்பதற்கு என்ன பெயர்? இரண்டு நாள் அதற்கு ஒரு நல்ல பெயர் தேடினேன், கிடைக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலையில் கண் டொக்டரிடம் நேரம் எடுத்திருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன்.

"கண் டொக்டரிட்டப் போறதுக்கு ஏன் கலியாணச் சேட்டு?" என்றா.

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் அவவுக்குச் சொன்னேன். அவ சப்பாத்து அலுமாரியைப் பிடித்துக்கொண்டு கேட்டா. "நானும் வரவோ?" என்று கேட்டுவிட்டு அவவே பதிலும் சொன்னா: "வேண்டாம். நான் வந்தா நீங்கள் எனக்கு முன்னால நல்ல மனுசன் மாதிரி நிப்பியள்."

ஹம்பேர்க்கில் இறங்கி ரெயில் மாறும்போது உன் வேலையிடம் இரண்டு தரிப்பிடம் தள்ளித்தான் என்று தெரியும். வரவில்லை. லூபெக்கில் இன்னொரு ரெயில். வழி முழுக்க ஜெர்மனில் என்ன சொல்வது என்று மனனம் செய்துகொண்டு போனேன், உன் மாமா மீன் பெயர் பாடமாக்கினது போல. ப்ளோனில் இறங்கியதும் பாதி மறந்துவிட்டது.

ஃப்ராவ் லோரன்சன் பின் தாழ்வாரத்தில் பிளம்ஸ் பழங்களைத் தெரிந்து போட்டுக்கொண்டிருந்தார், நல்லது ஒரு சட்டிக்குள், அழுகியது ஒரு வாளிக்குள். என்னை அடையாளம் கண்டார். இருங்கள் என்று சொல்லவில்லை. நான் கை சும்மா இருக்கமாட்டாமல் ஒரு பழத்தை எடுக்கப் போனேன். "கையை வையாதீர்கள். வந்த விசயத்தைச் சொல்லுங்கள்," என்றார்.

சொன்னேன். அன்று யன்னலருகே நான் சொன்னது முழுக்கப் பொய், என் மகன் அப்படி ஒன்றும் நினைத்ததில்லை, அவன் அந்த அறையை எப்படி வைப்பது, இந்தப் பலகையை எப்படி மாற்றுவது என்றுதான் வீட்டில் கதைக்கிறான் என்றேன். அவர் கை நிற்கவில்லை. நல்லது சட்டிக்குள், அழுகியது வாளிக்குள்.

"ஏன் சொன்னீர்கள்?"

பாடமாக்கினது ஒன்றும் வரவில்லை. "அவன் மற்றவரின் தோளில் கை போட்டான்," என்றேன். அதைச் சத்தமாகச் சொன்னபோதுதான் எவ்வளவு சின்ன விசயம் என்று விளங்கியது. அறுபத்து மூன்று வயது மனிதன், கலியாணச் சேட்டோடு, அந்நியப் பெண்ணின் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு.

அவர் சிரிக்கவில்லை. "எனக்கு மூன்று பிள்ளைகள்," என்றார். "மூன்று பேரிடமும் இந்த வீட்டை எடுங்கள் என்று கேட்டேன். ஒருவருக்கும் வேண்டாம். கடைசியாக ஒரு தரம் வந்து பாருங்கள் என்றும் கேட்டேன். அதற்கும் நேரமில்லை. உங்கள் மகன் நாலு மணித்தியாலத் தூரத்திலிருந்து உங்களை வரவைத்து வீட்டைக் காட்டினான். அதைப் பார்க்காமல் அவன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள்."

இதற்கு மேல் ஒன்று மிச்சமிருந்தது. அதைச் சொல்லாமல் வந்திருக்கலாம். ஆனால் வந்த காரணத்தில் பெரிய பாதி அதுதான். நீயும் தாரணியும் நிறத்தைப் பார்த்துத்தான் அவர் மறுத்தார் என்று நம்புகிறீர்கள், அதற்கு நானும் ஓம் போட்டேன் என்றேன். அப்போதுதான் அவர் கை நின்றது. கையிலிருந்த பழத்தைச் சட்டியிலும் போடவில்லை, வாளியிலும் போடவில்லை, மேசை விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே போனார். நான் படியில் நின்றேன். கால் மணித்தியாலம் இருக்கும். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"உங்கள் மகனுக்கு நீங்கள் இங்கே வந்தது தெரியுமா?"

"இல்லை."

"அப்படியென்றால் நீங்கள் பிழையான வாசலுக்கு வந்திருக்கிறீர்கள்," என்றார்.

பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஹனோவரிலிருந்து ஒரு தம்பதி கேட்டிருக்கிறார்கள். அவர்களோடு, வீட்டுப் பத்திரம் எழுதுகிற நோட்டாரிடம் கையெழுத்து வைக்கிற நாள் இந்தக் கிழமை வெள்ளி. அதற்கு முன் நீ போன் எடுத்தால் உன்னோடு கதைப்பார். நான் எடுக்கக்கூடாது, நீதான் எடுக்கவேண்டும். அதுவும் நான் உனக்கு எல்லாம் சொன்னபிறகு. வீட்டைத் தருவேன் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. வாக்குக் கேட்கிற நிலையிலா நான் நின்றேன்?

இதுதான் விசயம். வந்து ஒரு கிழமை ஆகிறது. இதை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். முதல் தரம் எழுதியதில் நான் அவ்வளவு கெட்டவனாகத் தெரியவில்லை, அதால் கிழித்தேன். இன்று செவ்வாய். விரைவுத் தபாலில் போடுகிறேன், நாளைக்குக் கிடைக்கும். ஃப்ராவ் லோரன்சனின் இலக்கம் உன்னிடம் இருக்கிறது.

புத்தி சொல்கிற தகுதி எனக்கு இப்போது இல்லை. ஆனால் தகப்பன்மார் தகுதி பார்த்தா சொல்கிறார்கள்? இரண்டு விசயம் சொல்கிறேன். அந்த வீடு இனி வேண்டாம் என்று உனக்குத் தோன்றலாம். என் கை பட்ட வீடு என்று வெறுப்பு வரலாம். அப்படியென்றாலும் அந்த மனுசிக்குப் போன் எடு. நீ அவரைப் பற்றி நினைத்தது பிழை என்று தெரிந்துகொண்டாய் என்பதை அவர் உன் வாயால் கேட்கட்டும். நாளைக்கு உண்மையாகவே ஒருவன் உன் முகத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தக்கூடும். சாத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அது என் கற்பனையில்லை. அன்றைக்கு நீ நெஞ்சை நிமிர்த்தி அதைச் சொல்லவேண்டும். சாத்தாதவர் ஒருவர்மேல் அதைப் போட்டுவிட்டு நின்றால், சொல்கிற வாய்க்கு அந்தப் பலம் இருக்காது. உன்னிடமிருந்து நான் எடுத்தது அதைத்தான், வீட்டையில்லை. ஆளை ஆளாய்ப் பார் என்று என்னோடு சண்டை பிடித்தவனாகவே இரு. நான் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருக்கிறேன், எனக்குப் பழக்கம்தான்.

மற்றது, வீடு கிடைத்தால், குசினிப் பக்கத்து இரண்டு யன்னலிலும் இரட்டைக் கண்ணாடிக்கு நடுவில் பனிபோலப் புகார் பிடித்திருக்கிறது. உள்ளே அடைத்த வாயு போய்விட்டது, துடைத்தால் போகாது, கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும். யாரும் கேட்காமலே சொல்கிறேன். கூரை நன்றாக இருக்கிறது என்று உன் மாமா சொன்னது சரி. நானும் கீழேயிருந்து பார்த்தேன். அதை எழுதுவதற்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

பொறாமை போய்விட்டது என்று எழுதி முடித்தால் கடிதம் வடிவாக இருக்கும். போகவில்லை மகன். அது என்னோடு பென்சன் எடுத்து வீட்டில் இருக்கிறது. உன் மாமா அந்தத் துறையில் தூண்டில் போட்டு மீன் பிடித்து, அதைத் தூக்கிப் பிடித்தபடி நிற்க, நீ படம் எடுத்து அனுப்பினால், எனக்கு எரியத்தான் போகிறது. ஆனால் இனி அது என் வயிற்றுக்குள் எரியட்டும், உன் வீட்டில் வேண்டாம்.

முதலில் ஃப்ராவ் லோரன்சனுக்குப் போன் எடு. அதன்பிறகு உன் மாமாவிடம் நேரே போய், நான் செய்ததை ஒன்றும் மறைக்காமல் சொல். நான் சொன்னால் பகிடியாக்கிவிடுவேன். அவர் என்னைப் பற்றி என்ன நினைக்கவேண்டுமோ நினைக்கட்டும். வீடு கிடைத்ததா இல்லையா என்பதையும் அவருக்கே முதலில் சொல், பக்கத்தில் இருக்கிறவர், உனக்காக அழுதவர். எனக்கு எப்போது சொல்லவேண்டும் என்று தோன்றுகிறதோ அப்போது சொல். அவருக்குப் பிறகுதான் எனக்குச் சொன்னாய் என்று தெரிந்தால் எனக்கு எரியும்.

எரியட்டும்.

அப்பா